அரை டம்ளர் டாக்டரம்மா

"நாக்கை நீட்டுங்க" என்பார். நீட்டியதும் குனிந்து பார்த்து, "ஐயோ பாவம், உப்புத்தாள் மாதிரி இருக்கே" என்று சொல்லிக்கொண்டே கையிலிருக்கும் ஜக்கைச் சாய்த்துக் காகித டம்ளரில் பாதிவரை தண்ணீர் ஊற்றுவார். பேனாவால் கோடு போட்ட டம்ளர். கோட்டுக்கு மேல் ஒரு சொட்டு விழாது. ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் ஒவ்வொரு படுக்கையிலும் இதே கதைதான்.

நான் காலை முறித்துக்கொண்டு அந்தப் பெண்கள் வார்டில் ஒரு மாதம் கிடந்தவள். முதல் நாள் அவரைத் தண்ணீர் கொண்டுவரும் பெண் என்றே நினைத்தேன். என் நாத்தனார் ஒரு படி மேலே போய், "அப்படியே இந்த பாட்டில்லயும் ரொப்பிடும்மா" என்று நீட்டினாள். மறுபேச்சில்லாமல் ரொப்பிக் கொடுத்தார். மறுநாள் ஆபரேஷன் அறையில் முகக்கவசத்துக்கு மேலே அதே கண்களைப் பார்த்தபோதுதான், எனக்கு மயக்க மருந்து கொடுக்கப்போகிறவரே இவர்தான் என்று புரிந்தது. கூனிக்குறுகிப் போனேன். "மயக்கம் குடுக்கறவங்களும் டாக்டரான்னு என் மாமியாரே கேட்டிருக்காங்க, விடுங்க" என்றார்.

மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போய்விட்டால் ஆபத்து. அதனால்தான் முதல் நாள் ராத்திரியே நம் வாயைக் கட்டிவிடுகிறார்கள். தண்ணீருக்கு இவ்வளவு கெடுபிடி தேவையில்லை, புதிய ஆய்வுகளைப் பாருங்கள் என்பது இவர் கட்சி. "சாப்பாடு போனா வயித்துல சட்டமா உக்காந்துக்கும். தண்ணி வந்த சுவடு தெரியாம கிளம்பிடும்" என்பார். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு எல்லாருக்கும் ஊற்றுபவர் அல்ல. குடல் அடைப்பு என்று வந்தவர்களிடம் ஜக்கை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டுதான் பேசுவார்.

ஏன் இத்தனை பிடிவாதம் என்று ஒருநாள் கேட்டேன். "எனக்கு சிசேரியன் ஆனப்போ பதினாலு மணி நேரம் பச்சைத் தண்ணி பல்லுல படலை. கொழந்தையைத் தூக்கிட்டு வந்து காட்டினாங்க. நான் அந்த நர்ஸோட வாட்டர் பாட்டிலைத்தான் பாத்தேன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

நிர்வாகம் அவருக்கு மூன்று மாதம் அனுமதி கொடுத்திருந்தது. முடிவில், இது தொடரலாம் என்று வார்டின் தலைமை நர்ஸ் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் ஜக்கைக் கழுவிக் கவிழ்க்க வேண்டியதுதான். அந்த அம்மாளோ முப்பது வருஷமாக நோயாளிகளைப் பட்டினி போட்டே பேர் வாங்கியவர். டாக்டரம்மா ஊற்றிவிட்டு நகர்ந்ததும் பின்னாலேயே வந்து டம்ளரைப் பிடுங்கித் தொட்டியில் கொட்டுவார். "நேத்து வந்த ஆராய்ச்சிக்கெல்லாம் என் வார்டு ஆடாது" என்பார். டாக்டரம்மா சண்டைக்குப் போகமாட்டார். பேனாவை எடுத்து அடுத்த டம்ளரில் கோடு போட ஆரம்பித்துவிடுவார்.

கெடு முடிய நான்கு நாள் இருக்கையில் தலைமை நர்ஸுக்கே பித்தப்பையில் கல். எனக்குப் பக்கத்துப் படுக்கை. "எனக்கு ஒரு சொட்டு வேண்டாம். நானே சொன்னபடி நடக்கலைன்னா வேற யாரு நடப்பா?" என்று முதல் நாளே அறிவித்துவிட்டார். காலை எட்டு மணிக்கு ஆபரேஷன் என்றார்கள். அதற்கு முந்தையது இழுத்துக்கொண்டே போனது. பத்தானது, பன்னிரண்டானது. அம்மாள் உதட்டை நக்குவதும், யாராவது பார்த்துவிட்டார்களா என்று பார்ப்பதுமாக இருந்தார். நான் மாத்திரை போட்டுக்கொள்ளத் தண்ணீர் குடித்தபோது அவர் முறைத்த முறைப்பில் எனக்குப் புரையேறிவிட்டது.

ஒரு மணிக்கு டாக்டரம்மா வந்தார். நாக்கை நீட்டச் சொல்லவில்லை. கோடு வரை ஊற்றி அந்த அம்மாளின் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டு, என் கால் கட்டைப் பார்க்கிற சாக்கில் இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். என் கட்டுக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

மடக் மடக்கென்று சத்தம் கேட்டது. இருவரும் திரும்பிப் பார்த்தோம். தலைமை நர்ஸ் முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டு, காலி டம்ளரை மட்டும் எங்கள் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தார்.