பெங்களூருக்குப் போன டீச்சரம்மா

இரண்டு வருடங்களுக்கு முன், ஐப்பசி மாதத்தில், ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது. எதையும் வரிசையாகச் சொல்வது என் வழக்கம். இதையும் அப்படியே சொல்கிறேன்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு மெதுவாக வரும், ஆனால் தெளிவாக வரும். நான் அலுவலகம் போகிறவள். அம்மாவின் தங்கையான என் சித்தி எங்களோடுதான் இருக்கிறார் என்றாலும், அவருடைய முழங்கால்களை நம்பி ஒரு நோயாளியை ஒப்படைக்க முடியாது. அதனால் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பும் ஏஜென்சி ஒன்றில், இரவும் பகலும் வீட்டிலேயே தங்கும் ஒருவரைக் கேட்டிருந்தேன்.

மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில் ஏஜென்சியின் வேன் அவரை வாசலில் இறக்கிவிட்டுப் போனது. நாற்பத்தைந்து வயதிருக்கும். கையில் ஒரே ஒரு பை. உள்ளே வந்ததும், "மேடம், பேஷண்டத் தொடுறதுக்கு முன்னாடி தலைக்குக் குளிச்சிக்கட்டுமா?" என்று கேட்டார். இவ்வளவு சுத்தமான ஆள் கிடைத்தாரே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

குளித்துவிட்டு வந்தவரைச் சித்தி விசாரித்தார்.

"சொந்த ஊரு எது?"

"உப்பிலியபுரங்க. அங்க வெங்காயக் காட்டு வேலைக்குப் போயிட்டிருந்தேன். வருஷத்துல பாதி நாள் வேலை இருக்காது. வீட்டுக்காரர் தவறினப்புறம் இந்த வேலைக்கு வந்துட்டேன். பொண்ணு ஹாஸ்டல்ல தங்கிப் படிக்குதுங்க."

"இதுக்கு முன்னாடி எந்த வீட்டுல இருந்தே?"

"தென்னூர்ல ஒரு டீச்சரம்மா வீட்டுல, ரெண்டு வருஷம். இப்ப அவங்களைப் பொண்ணு பெங்களூருக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"அதுக்கும் முன்னாடி?"

"கே.கே. நகர்ல ஒரு ஐயா. அவரு பையனோட அமெரிக்கா போயிட்டாரு."

கட்டிலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "கெட்டிக்காரிதான். எல்லாரையும் வெளியூருக்கு ஏத்தி விட்டுட்டு வந்திருக்கா. எனக்கு எந்த ஊருக்கு டிக்கெட்டு?"

நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

அடுத்த சில வாரங்களில் எங்கள் வீடு பழைய ஒழுங்குக்குத் திரும்பியது. அம்மாவைக் குளிப்பாட்டுவது, திருப்பிப் படுக்க வைப்பது, கஞ்சி ஊட்டுவது எல்லாம் சண்டையும் சமாதானமுமாக நடந்தன. "ஏண்டி, என்னை என்ன அரிசி மூட்டைன்னு நெனச்சியா?" என்பார் அம்மா. "மூட்டைன்னா பேசாம கெடக்கும்மா" என்பார் அவர். என்னை மேடம் என்று அழைத்தவர் அக்கா என்று அழைக்க ஆரம்பித்திருந்தார். அம்மாவின் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்துக்கொள்வார். அவருடைய போன் மட்டும் அடிக்கடி அடிக்கும். எடுத்துப் பார்ப்பார், பேசாமல் வைத்துவிடுவார்.

நான் வீட்டிலிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைப்பு மணி அடித்தது. வாசலில் நாற்பது வயதுப் பெண் ஒருவர் நின்றிருந்தார். ஏஜென்சியில் கேட்டு முகவரி வாங்கி வந்ததாகச் சொன்னார்.

"எங்கம்மாவப் பார்த்துக்கிட்ட அக்கா இங்கதானே இருக்காங்க? போன் பண்ணினா எடுக்கவே மாட்டேங்கிறாங்க. வர்ற வியாழக்கிழமை மாதா கோயில்ல அம்மாவுக்கு முப்பதாம் நாள் பூசை. அவங்க கண்டிப்பா வரணும்னு நேர்லயே கூப்பிட வந்தேங்க."

சித்தி முன்னால் வந்தார். "யாருக்கு முப்பதாம் நாள்?"

"எங்கம்மாவுக்குங்க. தென்னூர். டீச்சரா இருந்தவங்க."

"அவங்க பெங்களூருக்கு இல்ல போயிருக்காங்க?"

வந்தவருக்கு ஒன்றும் புரியவில்லை. "இல்லீங்க. பெங்களூர்ல இருக்கறது நான்."

அம்மாவின் அறை வாசலில் கஞ்சிக் கிண்ணத்தோடு, அம்மாவைப் பார்த்துக்கொள்பவர் நின்றுகொண்டிருந்தார். டீச்சரின் மகளைப் பார்த்துத் தலையை அசைத்தார். பிறகு உள்ளே திரும்பிப் போய் மிச்சக் கஞ்சியையும் அம்மாவுக்கு ஊட்டி முடித்தார். எனக்கு மனதில் கணக்குப் போட அதிக நேரம் ஆகவில்லை. இந்த வியாழன் முப்பதாம் நாள் என்றால், அவர் எங்கள் வீட்டில் வந்து இறங்கிய அதே நாள் விடிகாலையில்தான் டீச்சர் இறந்திருக்கிறார். வந்ததும் எதற்காகத் தலைக்குக் குளித்தார் என்பதும் அப்போதுதான் புரிந்தது.

வந்தவரை ஹாலில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போனேன். சித்தி சமையலறையிலிருந்து, குறைக்க வேண்டும் என்ற எண்ணமே இல்லாத குரலில் பேசினார். "சாவு வீட்டுலேர்ந்து நேரா இங்க வந்திருக்காடி. அமெரிக்கா போனாருங்கறாளே, அவரும் எங்க போனாரோ! இவ ராசி நமக்கு வேணாம். ஏஜென்சிக்குப் போன் போடு. வேற ஆள் அனுப்பச் சொல்லு."

பால்கனியில் அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றதும், கேட்காமலே சொன்னார்.

"பேஷண்ட் இறந்துட்டாங்கன்னு புது வீட்டுல சொல்லக் கூடாதுன்னு வேலைக்குச் சேரும்போதே சொல்லிருவாங்கக்கா. ஊருக்குப் போயிட்டாங்கன்னுதான் எல்லாரும் சொல்வோம். எங்க கைக்கு வர்றவங்கள்ல யாருங்கக்கா எழுந்து நடக்கப் போறாங்க?"

மடித்த துணிகளை அடுக்கி வைத்துக்கொண்டே தொடர்ந்தார்.

"என்னை அனுப்பறதுன்னா அனுப்பிருங்க. வேற வீடு கிடைக்கிற வரைக்கும் ஏஜென்சி ஹால்ல படுத்துக்கலாம். சம்பளம் கிடையாது, சாப்பாட்டுக்கு நாமதான் குடுக்கணும், சமாளிச்சுக்குவேன். ஆனா காரணம் மட்டும் வேற ஏதாச்சும் சொல்லுங்கக்கா. வேலை சரியில்லன்னு சொன்னாக்கூடப் பரவாயில்ல. ராசி இல்லன்னு மட்டும் சொல்லிராதீங்க. அது எந்த வீட்டுக்குப் போனாலும் கூடவே வரும். அப்புறம் யாரும் எடுக்க மாட்டாங்க. பொண்ணுக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு இருக்கு."

அப்போது அம்மாவின் அறையிலிருந்து டங்கென்று சத்தம் வந்தது. நன்றாக இருந்த வலது கையால் டம்ளரைக் கட்டில் கம்பியில் தட்டிக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் உள்ள வாங்கடி. அந்தப் பொண்ணையும் கூப்பிடு. எனக்குக் கைதான் போச்சு, காது போகல."

எல்லோரும் போய் நின்றோம். டீச்சரின் மகளும் தயங்கித் தயங்கி வந்து கதவோரமாக நின்றார். அம்மா அவரிடம் ஒரு பார்வையால் அனுமதி கேட்டதுபோல் இருந்தது. பிறகு எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வந்தவரிடம் கேட்டார்.

"டீச்சர் எப்படிப் போனாங்க?"

"அம்மா, இப்ப எதுக்கு அதெல்லாம்?" என்றேன்.

"நீ சும்மா இரு. நல்லாயிடும் நல்லாயிடும்னே நீயும் சொல்றே, டாக்டரும் சொல்றாரு. வேற எதையும் யாரும் எங்கிட்டப் பேசறதில்ல. நீ சொல்லுடி."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கட்டிலருகே தரையில் உட்கார்ந்துகொண்டார். டீச்சரின் மகளைப் பார்க்காமல், அம்மாவின் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

"சாயங்காலம் காபி கேட்டாங்கம்மா. குடிக்க முடியல. உதட்டை மட்டும் நனைச்சு விட்டேன். பொண்ணு பெங்களூர்லேர்ந்து கிளம்பிட்டாங்க, ஆனா வழியெல்லாம் மழை. விடியறதுக்கு முன்னாடி பொண்ணு பேரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பிச்சாங்க. நாலஞ்சு தடவை. நான், 'வந்துட்டேம்மா, இங்கதான் இருக்கேன்'னேன். பொண்ணுன்னே நெனச்சுக்கிட்டாங்க. அப்புறம் கூப்பிடல."

கதவோரமாக நின்றவர் புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். அதுவரை அவருக்கே அது தெரியாது. அவர் தென்னூர் வந்து சேர்ந்தபோது டீச்சரும் இல்லை, டீச்சரோடு இருந்தவரும் இல்லை. ஏஜென்சி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

அம்மா கேட்டார். "பயந்தாங்களா?"

"கொஞ்ச நேரம் பயந்தாங்க. கையைப் புடிச்சிக்கிட்டேன். அப்புறம் இல்லம்மா."

அம்மா கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன். பிறகு கண்ணைத் திறக்காமலே தங்கையிடம் சொன்னார்.

"சாவையே பார்க்காத ஒருத்தியக் கூட்டியாந்து எனக்கு என்னடி பண்ணப் போற? அவளும் என்கூடச் சேர்ந்து பயந்துக்கிட்டு உட்கார்ந்திருப்பா. இவ இருக்கட்டும்."

சித்தி உள்ளே போய், டீச்சரின் மகளுக்குக் காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்.

வியாழக்கிழமை நான் விடுப்பு எடுத்துக்கொண்டு அவரைத் தென்னூருக்குக் கூட்டிப் போனேன். "சீக்கிரம் வந்துருங்க, எனக்கு அக்காவைத் திருப்பிப் போடத் தெரியாது" என்றார் சித்தி. கோயிலில் நாங்கள் பின் வரிசையில் உட்காரப் போனோம். டீச்சரின் மகள் வந்து அவர் கையைப் பிடித்து, குடும்பத்தார் உட்காரும் முதல் பெஞ்சுக்கு அழைத்துக்கொண்டு போனார். எப்போது எழுந்து நிற்க வேண்டும், எப்போது முழங்காலிட வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துப் பார்த்துச் செய்தார். பாதிரியார் டீச்சரின் பெயரைச் சொன்னபோது உடைந்து அழுதார். ஒரு மாதமாக எங்கள் வீட்டில் அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

திரும்பி வரும்போது பஸ் காவிரிப் பாலத்தில் ஊர்ந்தது. ஜன்னலோரத்தில் இருந்தவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எத்தனையோ பேரைப் பார்த்துக்கிட்டேங்கக்கா. யாரையும் வாசல்ல நின்னு வழியனுப்பினதில்ல. மூச்சு நின்னா ட்யூட்டி முடிஞ்சிருது. சொந்தக்காரங்க வர்றதுக்குள்ள வேன் வந்துரும். லேட்டானா அடுத்த வீடு வேற ஆளுக்குப் போயிரும். இன்னிக்குத்தான் ஒருத்தருக்காக உட்கார்ந்து அழுதிருக்கேன்."

அம்மா அடுத்த சித்திரையில் இறந்தார், அவர் பக்கத்தில் இருக்கும்போதே. பயப்படவில்லை. மதியத்துக்குள் ஏஜென்சியிலிருந்து எனக்குப் போன் வந்தது. முசிறியில் ஒரு வீடு தயாராக இருக்கிறது, வேன் அனுப்புகிறோம் என்றார்கள். கருமாதி வரை அவருக்கு இங்கேதான் ட்யூட்டி, அதுவரைக்குமான சம்பளத்தை நான் கட்டிவிடுகிறேன், அடுத்து வரும் வீட்டை அவருக்கே கொடுக்க வேண்டும் என்றேன். "பேஷண்டே இல்லையே மேடம், அப்புறம் எதுக்கு ட்யூட்டி?" என்று அந்தப் பையன் உண்மையாகவே புரியாமல் கேட்டான். "எனக்கு வேணும்" என்று மட்டும் சொன்னேன். அம்மாவை ஏற்றிய வண்டி கிளம்பியபோது வீட்டுப் பெண்களோடு அவரும் வாசலில் நின்றார். வண்டி தெருமுனையில் திரும்பி மறைந்த பிறகும் அவர் உள்ளே வரவில்லை. சித்திதான் போய்த் தோளைத் தொட்டு அழைத்து வந்தார்.

இப்போதெல்லாம் எந்தத் துக்க வீட்டுக்குப் போனாலும், குடும்பத்தாரிடம் ஆறுதல் சொல்வதற்கு முன்னால், பையோடு ஓரமாக ஒரு பெண் ஏஜென்சி வேனுக்காகக் காத்து நிற்கிறாரா என்றுதான் என் கண் தேடுகிறது. இருந்தால், முதலில் அவரிடம் போய்த் துக்கம் விசாரிக்கிறேன்.