தனம் பஸ்ஸில் ஏறினாள்

போன வாரம் பக்கத்து வீட்டுப் பையனின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். அவனுடைய அப்பா அம்மா இருவருக்கும் லீவு கிடைக்கவில்லை என்று நான் போனேன். மூன்றாம் வகுப்பு பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்துவிட்டேன், எழுந்திருப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. பையன் கணக்கில் கொஞ்சம் வீக் என்று டீச்சர் சொல்லிக்கொண்டிருந்தார். டெஸ்க்கில் இடித்த முட்டியைத் தேய்த்துக்கொண்டு, சாக்பீஸ் தூள் வாசனையை இழுத்தபடி நான் வேறெங்கோ போய்விட்டிருந்தேன்.

உப்பளம் பகுதியில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்த காலம் அது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் எங்கள் இலக்கியக் கூட்டம் ஒரு ஆரம்பப் பள்ளியில் நடக்கும். ஏழெட்டுப் பேர், குழந்தைகளின் பெஞ்சில் முழங்காலை மடக்கிக்கொண்டு பின்நவீனத்துவம் பேசுவோம். கதைக்குத் தொடக்கம் கிடையாது, முடிவு கிடையாது, ஆசிரியர் என்று ஒருவரே கிடையாது என்பார்கள். ஆனால் எங்கள் சிற்றிதழின் அட்டையில் ஆசிரியர் கலியபெருமாள் என்ற பெயர் மட்டும் தடித்த எழுத்தில் இருக்கும். எனக்குச் சிரிப்பு வரும். சிரிக்க மாட்டேன். பாதி புரியாது, புரியாததை நோட்டில் எழுதிக்கொண்டு போய் வீட்டில் இன்னும் குழம்புவேன்.

கலியபெருமாள் சார் தத்துவம் நடத்தும் பேராசிரியர். நல்ல மனுஷன். பெண்கள் நானும் நர்ஸ் சகாயமேரியும்தான். பேசத் தயங்கினால் எல்லோரையும் அடக்கிவிட்டு எங்களைப் பேசச் சொல்வார். சகாயமேரி மட்டும் வீட்டுப் பழக்கத்தில் அவரைப் பிரெஞ்சில் 'முசே' என்பாள். அவள் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்.

அங்கேதான் என் முதல் கதையை வாசித்தேன். தவளக்குப்பம் போகும் பஸ்ஸில் நான் பார்த்ததுதான். வைத்திக்குப்பத்திலிருந்து மீன் விற்கப் போகும் ஒரு பெண் அன்னக்கூடையோடு படியில் கால் வைக்கிறாள். நாற்றம் என்று கண்டக்டர் இறங்கச் சொல்கிறார். அவள் இறங்கவில்லை. ஏறி, கூடையைக் காலடியில் வைத்து, ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். பெயர் தெரியாததால் கதையில் தனம் என்று வைத்தேன். காலையில் தொடங்கி மத்தியானம் முடியும் கதை.

சார் கண்ணை மூடிக் கேட்டார். நன்றாக இருக்கிறது என்றவர், அடுத்த இதழிலேயே போடலாம், ஆனால் உடைத்துத் தர வேண்டும் என்றார். வரிசையாகச் சொல்வது பழைய அதிகாரமாம். அவள் ஏறினாளா இல்லையா என்பதை வாசகர் முடிவு செய்யட்டுமாம்.

"ஏறிட்டா சார். நான் பாத்தேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அச்சில் என் பெயரைப் பார்க்க எனக்கு எவ்வளவு ஆசை என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வீட்டுக்குப் போய்க் கத்தரிக்கோலால் கதையைத் துண்டு துண்டாக வெட்டித் தரையில் பரப்பினேன். ஃபேனை நிறுத்த மறந்துவிட்டேன். பாதி கட்டிலுக்கடியில் போய்விட்டது. அம்மா துடைப்பத்தோடு வந்து நின்றாள். பொறுக்கியெடுத்து மாற்றி மாற்றி அடுக்கினேன். ஒரு நன்மை நடந்தது: ஓடுகிற பஸ்ஸிலிருந்தே கதையைத் தொடங்கலாம் என்று தெரிந்தது. அதை வைத்துக்கொண்டேன். ஆனால் முடிவை எப்படிக் கலைத்தாலும் தனம் ரோட்டில்தான் நின்றாள். கண்டக்டர் செய்ய முடியாததை நான் செய்துகொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு போனதும் சாரிடம் சொல்லிவிட்டேன். தொடக்கத்தை மாற்றியாச்சு, முடிவை மாற்ற மாட்டேன்.

"ஏம்மா, எழுத்துல உனக்குச் சுதந்திரம் வேணாமா?" என்றார் நிஜமான வருத்தத்தோடு.

"அதத்தான் சார் கேக்கறேன்."

எழுந்து நின்றபடியே சொன்னேன். உட்காரவில்லை. அவர், அப்படியானால் இதழில் வராது என்றார். சரி சார் என்றேன். வெளியே வந்ததும் அழுகை முட்டியது. சகாயமேரி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

"முசே போடலன்னா என்னாடி? நாம போடுவோம்."

நானே ஆபீஸ் மெஷினில் டைப் செய்து, கடையில் ஜெராக்ஸ் எடுத்து, இருவரும் உட்கார்ந்து பின் அடித்தோம். முதல் பிரதியைச் சாரிடமே கொடுத்தேன். இன்னொன்று கேட்டு வாங்கிக்கொண்டார். அதற்கப்புறம் புதிதாக யார் வந்தாலும் பையிலிருந்து அதை எடுத்து நீட்டுவார். "இந்தக் கதை எனக்கு ஒத்துவராது. படிச்சிப் பாருங்க" என்பார். மாதக்கணக்கில் அந்த முடிவைப் பற்றி என்னோடு சண்டை போட்டார். ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் நான் ஒரு கதை எழுதினேன். ஒன்றில்கூட அவர் சொன்னபடி முடிக்கவில்லை.

அந்தப் பள்ளிக்கூடம் இப்போது இல்லை; அந்த இடத்தில் டூரிஸ்ட்டுகள் காபி குடிக்கிறார்கள். இதழ் நின்றது. சகாயமேரி மகனோடு பிரான்சுக்குப் போய்விட்டாள். சார் காலமாகிவிட்டார். இப்போது ஒரு கதையை போனில் குழுவில் போட்டால் ஐந்து நிமிஷத்தில் கைதட்டும் படங்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. யாரும் முடிவை மாற்றச் சொல்வதில்லை. சொன்னாலும் நான் மாற்றப்போவதில்லை. ஆனால் மாற்ற மாட்டேன் என்று எழுந்து நின்று சொல்ல, எதிரே ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டுமே.