மங்கை அக்கா இடித்த சுவர்

மங்கை அக்கா இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் சுந்தர். ஔந்த் சிக்னல் தாண்டி வண்டியை ஓரம் கட்டிப் போனை எடுத்தேன். "அக்கா போயிட்டாங்க சார். ஹார்ட் அட்டாக்" என்றார். அடுத்த மூச்சிலேயே, "பாவம், என்கிட்ட ஒரு பாலிசிகூட எடுக்கல" என்றார். துக்கம் வருவதற்கு முன் எனக்குச் சந்தேகம்தான் வந்தது. இதை இவர் ஏன் முதல் ஆளாக எனக்குச் சொல்கிறார்? அக்காவின் மகளிடம் என்னை வைத்து எதையாவது விற்கப் பார்க்கிறாரா? பிறகுதான் உறைத்தது, இந்த யோசனையே அக்காவோடு எங்கள் குடியிருப்புச் சொசைட்டி கமிட்டியில் உட்கார்ந்த வருஷங்களில் என்னிடம் ஒட்டிக்கொண்டது என்று.

சாங்வியில் எங்கள் குடியிருப்பில் இருந்தவர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தாத்தா காலத்தில் ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து இந்த மராட்டிய ஊருக்கு வந்த குடும்பம். ராணுவத்துக்கு வெடிமருந்து நிரப்பும் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. தினமும் வாசலில் உடம்பைத் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். "எங்க செக்‌ஷன்ல ஒருத்தர ஒருத்தர் நம்புனா எல்லாரும் ஒண்ணா போய்ச் சேர வேண்டியதுதான்" என்பார். கணவர் இறந்த பிறகு, தொண்ணூறுகளின் கடைசியில், பி.எஃப். கடன் போட்டு முதல் மாடியில் வீடு வாங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டி கழுவும் சாக்கில் பார்க்கிங்கில் கூட்டம் சேரும். எந்த பிளம்பர் ஏமாற்றுவான், எந்தக் கம்பெனி இழுத்தடிக்காமல் க்ளெய்ம் கொடுக்கும், கரையானுக்கு யாரைக் கூப்பிடலாம் என்று ஆளுக்கொரு யோசனை. பேச்சு தமிழில் தொடங்கி மராத்தியில் முடியும். அக்கா படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். இலவசமாக யோசனை சொல்பவனுக்கு எங்கிருந்தோ கமிஷன் வருகிறது என்பது அவர் கணக்கு. பல முறை அது சரியாகவும் இருந்தது.

ஒரு வருஷம் மொட்டைமாடி ஒழுகியது. வாட்டர்ப்ரூஃபிங் செய்ய வந்த காண்டிராக்டர் சேலத்துக்காரர். சேர்மன் வரதன் சார், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, அந்த ஆள் "வணக்கம் சார்" என்றதுமே கரைந்துவிட்டார். ஊரை விட்டு வந்தவர்களுக்கு இது ஒரு வியாதி. மராட்டியக் காண்டிராக்டர் என்றால் பத்து கேள்வி கேட்போம், தமிழ் பேசினால் காபி கொடுப்போம். அக்கா கேட்டார்: "தமிழ்ல பேசினா தண்ணி எறங்காதா சார்?" எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மூன்று மழையாவது பார்த்த உன் வேலை எங்கே இருக்கிறது என்று காண்டிராக்டரைக் கேட்டார். அவர் காட்டிய வீட்டுக்கு நேரில் போனார். வீட்டுக்காரரிடம் எதுவும் கேட்கவில்லை. ஏமாந்த ஆண்பிள்ளை அதை ஒத்துக்கொள்ள மாட்டான் என்பார். நேராகச் சமையலறைக்குப் போய், ஈரத்துக்குப் பயந்து எந்தச் சுவரிலிருந்து பீரோவைத் தள்ளி வைத்திருக்கிறீர்கள் என்று அந்த அம்மாளிடம் கேட்டார். இரண்டு சுவர்களிலிருந்து என்று பதில் வந்தது. சேலத்துக்காரர் அதன் பிறகு எங்கள் பக்கம் வரவில்லை.

இறந்துவிட்டார் என்பதற்காக அவரை அலங்கரிக்க எனக்கு விருப்பமில்லை. அவர் சந்தேகம் மேலே இருப்பவர்கள் மேல் மட்டும் பாயவில்லை. எங்கள் பின்பக்கச் சுவரை ஒட்டி, அந்தப் பக்கம், கட்டட வேலைக்கு வந்தவர்களின் தகரக் கொட்டகைகள் இருந்தன. எங்கள் குடியிருப்பைக் கட்டிய பில்டரே அடுத்த மனைக்காக அவர்களைக் கூட்டிவந்து அங்கே போட்டிருந்தார். சுவரோரம் இருந்த எங்கள் குழாயில் அவர்கள் தண்ணீர் பிடிக்கிறார்கள் என்று சொல்லி அதற்குப் பூட்டு போட வைத்தவர் மங்கை அக்காதான். நான் சண்டை போட்டேன். குழந்தைகள் இருக்கிற இடம் என்றேன். "ரெண்டு பாத்ரூம் வெச்ச வீட்ல இருந்துக்கினு பேசாத" என்றார். சில வாரங்கள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் அந்தச் சுவர் வயிறு தள்ளியது, கொட்டகைகள் இருந்த பக்கமாக. அவற்றுக்குப் பின்சுவரே எங்கள் சுவர்தான். அதில் ஆணி அடித்துத் தூளி கட்டியிருந்தார்கள். பில்டர் போனை எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சுந்தர் யோசனை சொன்னார். எங்கள் கட்டடப் பாலிசியில் சுற்றுச்சுவரும் சேர்ந்திருந்தது. "நாமே இடிச்சா அது மெயின்டனன்ஸ் சார், ஒண்ணும் வராது. மழையில தானா விழுந்தா க்ளெய்ம். புதுச் சுவரே கட்டிக்கலாம். ரெண்டு வாரம் பொறுங்க" என்றார். தலைகள் ஆடின. படித்தவர்கள், கோயிலுக்குப் போகிறவர்கள், பிள்ளைகளை நல்ல பள்ளிக்கு அனுப்புகிறவர்கள். யாருக்கும் அதில் தப்பு தெரியவில்லை.

மங்கை அக்கா படிக்கட்டிலிருந்து எழுந்து வந்தார். "எந்தப் பக்கம் விழணும்னு பாலிசியில போட்டிருக்கா சுந்தர்?"

சுந்தர் வரதன் சாரைப் பார்த்தார். அந்தப் பக்கத்து ஆட்களுக்கு வாட்ச்மேனை விட்டு ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று வரதன் சார் முடித்துவைத்தார். வாட்ச்மேன் போக மாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். அன்று மதியமே அக்கா போனார். நானும் கூடப் போனேன். முதல் கொட்டகையில் இருந்தவள் லக்ஷ்மிபாய், குல்பர்காப் பக்கத்துப் பெண். சுவர் விழப்போகிறது, வேறு இடத்துக்கு நகருங்கள் என்று அக்கா இந்தியில் சொன்னார். லக்ஷ்மிபாய் ரொட்டி தட்டுவதை நிறுத்தவில்லை. போன வருஷம் குழாயைப் பூட்டினீர்கள், இந்த வருஷம் ஆளையே கிளப்பப் பார்க்கிறீர்களா என்று கேட்டாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

திரும்பி வரும்போது கேட் அருகே அக்கா சொன்னார்: "அவ சந்தேகப்படறது கரெக்ட்டு. நானா இருந்தாலும் நகர மாட்டேன்."

மறுநாள் காலை நான் ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது பின்பக்கம் சத்தம் கேட்டது. லக்ஷ்மிபாயையும் அவள் புருஷனையும் இன்னும் இரண்டு பேரையும் அக்கா கூலிக்குக் கூட்டிவந்திருந்தார். எந்தச் சுவர் என்று தெரிந்ததும் அவர்கள் தயங்கியிருக்கிறார்கள். "கூலிய மொதல்ல வாங்கிக்கோ, என்னை நம்பாத" என்று சொல்லி முழுநாள் கூலியை முன்பணமாகக் கொடுத்திருக்கிறார். எங்கள் பக்கம் சாரம் போட்டு, புடவையைச் செருகிக்கொண்டு, அதன் மேல் கடப்பாரையோடு அவரும் நின்றார். நான் பையை வைத்துவிட்டு ஏறினேன். உச்சி வரிசையிலிருந்து ஒவ்வொரு செங்கல்லாக எடுத்து எங்கள் பக்கம் போட்டோம். மேலேயிருந்து சுவரின் வளைவைப் பார்த்த லக்ஷ்மிபாயின் புருஷன் இறங்கினான். அந்தப் பக்கம் போய்க் கொட்டகைத் தகரங்களைக் கழற்ற ஆரம்பித்தான். மற்றவர்களும் கழற்றினார்கள்.

வரதன் சார் லுங்கியோடு ஓடி வந்தார். கமிட்டித் தீர்மானம் இல்லாமல் பொதுச் சொத்தை இடிப்பது குற்றம், போலீஸைக் கூப்பிடுவேன் என்றார்.

"கூப்பிடுங்க சார்" என்றார் அக்கா. "வர்றவர் அந்தப் பக்கம் சுவத்துக்கு அடியில நின்னு எழுதட்டும்."

போலீஸ் வரவில்லை. க்ளெய்மும் வரவில்லை. எல்லா வீடுகளும் பங்கு போட்டுத் தகர வேலி அடிக்க வேண்டியதாயிற்று. அந்த வருஷப் பொதுக்குழுவில் அக்காவைக் கமிட்டியிலிருந்து எடுத்தார்கள். கை தூக்கியவர்களில், அவர் பேச்சைக் கேட்டுத் தங்கள் வீட்டுக் காண்டிராக்டரை மாற்றிப் பிழைத்தவர்களும் உண்டு. குழாய்ப் பூட்டை அவர் எப்போது எடுத்தார் என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் அது அங்கே இல்லை. மன்னிப்பு என்ற பேச்சே வரவில்லை. வேலை முடிந்து கொட்டகைக்காரர்கள் வேறு மனைக்குப் போனார்கள்.

அக்காவின் உடல் ஹாலில் கிடந்தபோது பார்க்கிங்கில் அதே ஆட்கள் நின்றோம். வரதன் சார் மெதுவாகச் சொன்னார்: "நல்ல மனுஷி. அந்தச் சுவர் விஷயத்துலதான் அவசரப்பட்டுட்டாங்க. அது இன்னும் பத்து வருஷம் நின்னிருக்கும்." சுற்றியிருந்தவர்கள் ஆமாம் என்றார்கள். சுவர் விழுந்து நான்கு பேர் செத்திருந்தால் பேப்பரில் வந்திருக்கும், நாங்கள் மெழுகுவத்தி ஏற்றியிருப்போம், சுந்தர் க்ளெய்ம் வாங்கிக் கொடுத்திருப்பார். அது விழாமல் போனதால் அக்கா எங்களுக்குச் செலவு வைத்த பிடிவாதக்காரி.

அன்று சுவர் மேலிருந்து நான் முதல் செங்கல்லை எடுத்தபோது கடப்பாரை தேவைப்படவில்லை. விரலால் இழுத்ததும் கையோடு வந்தது. இரண்டு செங்கற்களுக்கு நடுவே சிமெண்ட் இல்லை. ஈர மண் இருந்தது. அக்கா அதைப் பார்த்தார், லக்ஷ்மிபாய் பார்த்தாள், நான் பார்த்தேன். அந்த மூன்று பேரில் இப்போது சாங்வியில் இருப்பவன் நான் மட்டும்தான். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு பிடி மண்ணைப் பற்றிய சாட்சியம்தான். அதை வரதன் சாரிடம், எல்லோருக்கும் கேட்கும்படி, அக்காவைத் தூக்குவதற்கு முன்னால் சொன்னேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, வண்டி வந்துவிட்டதா என்று வாட்ச்மேனைக் கேட்டார்.