ஹில்டா கேட்ட கண்ணாடி

ஹில்டா கார்சைட் பதினான்கு வயதில் வீட்டுவேலைக்குப் போனவர். ஒரு மாளிகையில், சரிவான கூரைக்கடியிலிருந்த அறையில் ஆறு ஆண்டுகள் இருந்தார்; கீழே மணி அடித்தால் வேலைக்காரிக்குரிய வெள்ளைத் தொப்பியோடு இறங்கி ஓட வேண்டும். பிறகு திருமணம், பஞ்சாலை வேலை. கணவர் இறந்த பின், 1971 மார்ச்சில், இங்கிலாந்தின் மேட்லாக் ஊரில் சின்னஞ்சிறு மாதிரி வீடுகள் செய்யும் எங்கள் பொம்மை வீட்டுச் சங்கத்தில் சேர்ந்தார். செயலாளனாக அவருடைய படிவத்தை வாங்கியவன் நான்.

1974இல் ஒரு கண்காட்சிக்காகச் சங்கத்தார் கூடி விக்டோரியா காலப் பொம்மை வீடொன்று செய்தோம். நிஜ வீட்டின் ஓர் அடிக்கு இதில் ஓர் அங்குலம் என்பது அளவு. ஆளுக்கு ஓர் அறை. வேலைக்காரியின் அறை யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. ஹில்டா கேட்டு வாங்கினார். கட்டிலைக் கம்பியில் வளைத்தார். மற்ற சாமான்களைப் புதிதாகச் செய்து தர முன்வந்தோம்.

"புதுசு வேணாம். உங்க ரூமுக்குச் செஞ்சு கெட்டுப்போனதைக் குடுங்க. எங்களுக்கு வந்ததெல்லாம் கீழே உடைஞ்சு மேலே ஏறினதுதான்."

சாப்பாட்டறைக்காரர் கால் கோணிய நாற்காலி கொடுத்தார். படிப்பறை என் பொறுப்பு. மூட வராத இழுப்பறைப் பெட்டி கொடுத்தேன்.

"இன்னும் கண்ணாடிதான் பாக்கி," என்றார் ஹில்டா. "எஜமானியம்மா கழிச்சது, ரசம் போனது. அது இல்லாம இது என் ரூமே இல்ல."

எஜமானியின் படுக்கையறை எங்கள் தலைவி மிசஸ் ஃபெர்ன்லியுடையது.

"நான் செஞ்சதுல கெட்டுப்போனதுன்னு ஒண்ணும் கிடையாது, ஹில்டா."

"அப்போ உங்க வேலைக்காரி வாளித் தண்ணியிலதான் மூஞ்சி பாக்கணும், மிசஸ் ஃபெர்ன்லி."

எல்லோரும் சிரித்தோம். தலைவி சிரிக்கவில்லை.

கண்காட்சி அக்டோபர் 19, சனிக்கிழமை. வெள்ளி மாலை நான்கு மணிக்கும் வேலைக்காரி அறையில் கண்ணாடி மாட்ட வேண்டிய சுவர் வெறுமையாக இருந்தது.

"புதுக் கண்ணாடியில நான் கறை வச்சுத் தரட்டுமா?" என்றேன்.

"வேணாம், மிஸ்டர் பிளாண்ட். பொய்க் கறை எனக்குத் தெரிஞ்சுடும்."

அப்போது மிசஸ் ஃபெர்ன்லி வந்து, கைப்பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து நீட்டினார். உள்ளே தபால்தலை அளவில் ஒரு கண்ணாடி. சட்டம் ஒரு மூலையில் பிளந்து, பாதி ரசம் போயிருந்தது.

"நான் முதல்ல செஞ்சது. யார்கிட்டயும் காட்டினதில்ல. சிரிக்காதீங்க."

"சிரிக்கிறதாவது!" என்றார் ஹில்டா.

அதை மிகத் தாழ்வாக மாட்டினார். அவர் அன்று இருந்த மாளிகை அறையில் நிமிர்ந்தால் தலை இடிக்குமாம். பிறகு குனிந்து வெகுநேரம் பார்த்தார். அதில் அவருடைய ஒரு கண்தான் தெரிந்திருக்கும்.

"தொப்பியைச் சரிபண்ணுடி," என்றார் மெதுவாக. "கீழே மணி அடிக்குது."