செவ்வந்திப் பாத்தியும் லாத்தாவின் பூனைகளும்

எனக்குப் பூனை என்றால் ஆகாது. பிறவியிலேயே அப்படி என்று சொல்ல முடியாது. வாசலில் பாத்தி போட்ட பிறகுதான் ஆகாமல் போனது.

தானா ராத்தா டவுனுக்குக் கீழே, தேயிலைத் தோட்டம் முடிந்து சாலை தொடங்கும் இடத்தில் ஒரு வரிசை வீடுகள். அதில் ஒன்று எங்களுடையது. வாசலில் ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு மண். அதில் வெள்ளைச் செவ்வந்தி வைத்திருந்தேன். ஈஸ்டருக்குக் கோயில் பீடத்தில் என் கையால் வளர்த்த பூ இருக்க வேண்டும் என்பது ஆசை. ஆனால் காலையில் கதவைத் திறந்தால் கன்று ஒரு பக்கம், வேர் ஒரு பக்கம், நடுவில் அந்த அசிங்கம். நாற்றத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

பூனைகள் எல்லாம் பக்கத்து வீட்டு லாத்தாவுடையவை. தமிழ் முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே பழகிவிட்டேன். லாத்தாவின் கணவர் டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். அவர் இறந்த பிறகு லாத்தா தனி ஆள். மகள் ஈப்போவில். துணைக்கு இந்தப் பூனைகள், அதில் கட்டை வால் ஒன்றுதான் தலைவன். லாத்தாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. மகள் ஆபரேஷனுக்கு நாள் வாங்குவாள், லாத்தா தள்ளிப்போடுவார். "நான் போயிட்டா இதுங்களுக்கு யாரு சோறு போடுவா?" என்பார். இப்படியே விட்டால் பார்வையே போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அது எனக்கும் கவலைதான். ஆனால் பாத்தி விஷயம் வேறு.

ஆரஞ்சுத் தோல் போட்டேன். பாச்சா உருண்டை போட்டேன். பூனை போகவில்லை, என் வீட்டுக்காரர்தான் தும்மிக்கொண்டே வேலைக்குப் போனார். ஊரெல்லாம் செய்கிற மாதிரி பாட்டில்களில் தண்ணீர் நிரப்பிப் பாத்தியைச் சுற்றி வைத்தேன். கட்டை வால் அதில் ஒன்றின் மேல் சாய்ந்து வெயில் காய்ந்தது. தோட்டத்து லோரி ஓட்டுகிற என் வீட்டுக்காரர் ஒருநாள் தொழிற்சாலையிலிருந்து தேயிலைக் கழிவு ஒரு மூட்டை கொண்டுவந்தார். செடிக்கு நல்ல உரம் என்று பாத்தி முழுக்கப் பரப்பினேன். பொசுபொசு என்று, காய்ந்து, பஞ்சாக இருந்தது. மறுநாள் அதில் கிடந்த அசிங்கத்தை எண்ணிப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

"நல்லா மெத்த போட்டுக் குடுத்திருக்கே லா. ஏர்கண்டிஷனும் வச்சிரு," என்றார் அவர்.

கடைசியில் என் வாய்தான் எனக்குத் துணை. துடைப்பத்தோடு வாசலில் நின்று, ஒரு பூனை தெரிந்தாலும் போதும், "சூ! சூ!" என்று கத்துவேன். அதில்தான் ஒரு விஷயம் புரியவேயில்லை. ஒன்றை விரட்டினால் மூன்று வந்தன. கத்தக் கத்த ஓடி வந்து, வாலைத் தூக்கிக்கொண்டு என் காலையே சுற்றின. என்ன கொழுப்பு என்று எனக்கு ரத்தம் கொதித்தது.

பொறுத்தது போதும் என்று ஒரு மத்தியானம் லாத்தா வீட்டுக்குச் சண்டைக்கே போனேன். பேச வேண்டியதையெல்லாம் வழியிலேயே கோத்துக்கொண்டேன். அவர் பின்கட்டில் மீன் தலை வேகவைத்துச் சோற்றில் பிசைந்துகொண்டிருந்தார். தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கூப்பிட்டார்.

"சூ... சூ... சூ..."

கூரையிலிருந்தும் வேலியிலிருந்தும் குதித்து எல்லாம் ஓடி வந்தன.

நான் வாயைப் பிளந்து நின்றேன். "என்ன லாத்தா, வெரட்டுற மாதிரி கூப்புடுறீங்க?"

"முன்னல்லாம் பூசு பூசுன்னுதான் கூப்புடுவேன். வேகமா கூப்புட்டுக் கூப்புட்டு சூ சூன்னு ஆயிருச்சு," என்றார். பிறகு என் கையைத் தேடிப் பிடித்தார். "நீ தெனம் வாசல்ல நின்னு கூப்புடுறது கேக்கும் தங்கச்சி. அவ்ளோ ஆசையா கூப்புடுவே. அதான் மகள்கிட்ட சொல்லிட்டேன், நாள் வாங்கு, நான் வர்றேன், பக்கத்து வீட்டுத் தங்கச்சிக்கும் பூனைன்னா உசுரு, அவ பாத்துக்குவான்னு. அடுத்த வாரம் ஆபரேஷன்லா."

கோத்துக்கொண்டு போன அத்தனையும் வீணாய்ப் போனது. "கவலப்படாம போய்ட்டு வாங்க லாத்தா," என்றேன். வீட்டில் வந்து சொன்னபோது என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறியது.

ஆனால் அவர்தான் வழியும் கண்டார். மலையில் அப்போது கவ்வாத்து நடந்துகொண்டிருந்தது. வெட்டிப் போட்ட தேயிலைக் கிளைகளை லோரியில் கொண்டுவந்து, கையளவாக நறுக்கி, செடிகளுக்கு இடையில் நெருக்கமாக நட்டோம். பூனைக்குக் கால் வைக்க இடமில்லை. மண்ணோடு கலந்துபோன தேயிலைக் கழிவைச் சுரண்டி எடுத்துக் குளியலறைக்குப் பின்னால் ஒரு மூலையில் கொட்டினேன். பூனைகள் மறுபேச்சு பேசாமல் அங்கே குடிபோய்விட்டன. அந்த மெத்தைதான் அவற்றுக்கு வேண்டியிருந்தது, என் செவ்வந்தி இல்லை.

லாத்தா ஈப்போவுக்குப் போன பிறகுதான் அந்த வீடு எவ்வளவு பேசும் என்று தெரிந்தது. அவர் பாத்திரம் உருட்டும் சத்தமில்லாமல் எனக்குக் காலையே விடியவில்லை. ஒரு கண் முடிந்து, அது ஆறி, அடுத்த கண். நடுவில் போனில், "மக இங்கயே இருந்துரச் சொல்றா," என்றார். எனக்குப் பகீரென்றது. போனைக் கீழே பிடித்துக்கொண்டு, "சூ... சூ..." என்றேன். எல்லாம் கூடி நின்று கத்தின. அந்தப் பக்கம் லாத்தா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கினார். மறுநாள் காலை, கட்டை வால் பழைய ஞாபகத்தில் பாத்தி ஓரத்தில் மண்ணை மோந்து பார்க்க, நான் துடைப்பத்தை ஓங்கிக்கொண்டு, "சூ!" என்று ஒரு சத்தம் போட்டேன். நிமிர்ந்தால் லாத்தா தன் வாசலில் நிற்கிறார், கண்ணாடி இல்லாமல். முதலில் பூவைப் பார்த்தார்.

"இது வெள்ளையா? நான் மஞ்சன்னுல்ல நெனச்சிக்கிட்டிருந்தேன்."

பிறகு என் முகத்தைப் பார்த்தார். ஓங்கிய கையைப் பார்த்தார்.

"கையில என்ன தங்கச்சி, தொடப்பமா?"

"வாசக் கூட்டுறேன் லாத்தா."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரக்கூடாதே என்று நான் பதறும் அளவுக்குச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் மெதுவாகக் கேட்டார்: "அப்ப ஒனக்குப் பூனையே புடிக்காதா? எனக்காகவா இவ்ளோ நாளு சோறு போட்டே?"

என் சத்தம் கேட்டு எல்லாப் பூனையும் வந்து காலடியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

"மீன் இன்னும் வேகல. செத்த இருங்க," என்று அவற்றிடம் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.