தூண் இல்லாத பால்கனி

என்ஜினியர் சாரின் சட்டைப் பையில் எப்போதும் கணக்குப் போடுகிற அளவுகோல், ஒரு ஸ்லைடு ரூல் இருக்கும். எதைக் கேட்டாலும் அதை எடுத்து இப்படியும் அப்படியும் இழுத்துப் பார்த்துவிட்டு, "தாங்கும்" என்பார். அந்த ஒற்றைச் சொல்லை நான் கடைசிவரை நம்பவில்லை. எண்பதுகளின் தொடக்கம். திருவண்ணாமலை தேரடி வீதியில் ஒரு லாட்ஜுக்கு நான் முகப்பு வரைந்தேன். கம்பிக்கும் கான்கிரீட்டுக்கும் கணக்குப் போட அவர் மெட்ராஸிலிருந்து வந்திருந்தார். மலையைப் பார்த்த பக்கம், முதல் மாடியில், தெருவுக்கு மேல் நீட்டிக்கொண்டு ஒரு நீளமான பால்கனி. கீழே ஒரு தூண்கூடக் கிடையாது. என் படத்தின் அழகே அதுதான். என் கர்வமும் அதுதான்.

அவர் மறுபேச்சில்லாமல் சம்மதித்தது என்னை உறுத்தியது. கம்பியைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் கேட்டதற்கெல்லாம் தலையாட்டுகிற ஆளைக் கண்டால் எனக்குச் சந்தேகம் வரும், இன்றும் வரும். "எத்தனை பேர் நிப்பாங்கன்னு கணக்கு போட்டீங்க சார்?" என்றேன். அவர் முகம் சுருங்கியது. "லாட்ஜ் பால்கனிதானேங்க? நாலு பேர் நாற்காலி போட்டு பேப்பர் படிப்பாங்க. அதுக்கு ஜாஸ்தியாவே வெச்சிருக்கேன். நீங்க வரையறதோட நிறுத்திக்குங்க."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விடவில்லை. மனிதர் வெளியூர்க்காரர், கார்த்திகை தீபத்தன்று இந்த ஊரைப் பார்த்ததே இல்லை. "தீபத்தன்னிக்கு சாயங்காலம் லாட்ஜுல இருக்கிற அத்தினி பேரும் அங்கதான் சார் நிப்பாங்க. தெருவுல போறவங்களும் ஏறி வந்துடுவாங்க. மலை மேல தீபம் தெரிஞ்சதும் எல்லாரும் ஒண்ணா கைப்பிடிகிட்ட நெருக்கிடுவாங்க" என்றேன். ஸ்லைடு ரூல் வெளியே வரவில்லை. "எல்லாருமாவா? விளிம்புலயா?" என்று மட்டும் கேட்டார்.

மறுவாரம் அவரிடமிருந்து வந்த வரைபடத் தாளில் என் பால்கனிக்குக் கீழே வரிசையாகத் தூண்கள் நின்றன. கேள்வி கேட்டதற்குப் பழிவாங்குகிறாரோ என்று நினைத்தேன். கீழ்த்தளத்துக் கடைகளை மறைக்கும் என்று லாட்ஜ் முதலாளி குதித்தார். "தூண் இல்லன்னா பால்கனியும் இல்லீங்க" என்று என்ஜினியர் சார் பிடித்த பிடியை விடவில்லை. தூண்கள் எழும்பின.

இப்போது வரைய வரும் இளைஞர்கள், என்ஜினியர் வேலை நமக்கு எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். அவர் எதைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று கேட்கத் தெரிகிற அளவுக்கு, என்கிறேன். கேட்டுவிட்டால் நிம்மதி வந்துவிடும் என்று மட்டும் நான் சொல்வதில்லை.

லாட்ஜ் திறந்த வருடம், தீபத்தன்று, யாரும் கூப்பிடாமலே என்ஜினியர் சார் மெட்ராஸிலிருந்து வந்து எதிர்ச்சாரியில் நின்றார். நான் அவருக்கு முன்பே வந்து நின்றிருந்தேன். பால்கனியில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்று ஊரே அலறியது. மேலே இருந்த அத்தனை பேரும் ஒன்றாக விளிம்புக்கு வந்தார்கள். தெருவில் எல்லோரும் மலையைப் பார்த்துக் கைகூப்பி நிற்க, நாங்கள் இருவர் மட்டும் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அந்தப் பால்கனியின் அடிப்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.