சாட்சிக்கு இரண்டு சுமங்கலிகள்

ஐயரை வைத்து நடத்துவதா, பதிவாளர் முன்னால் கையெழுத்துப் போடுவதா என்று என் கல்யாணப் பேச்சு ஒரு மாதம் இழுத்தது. அறுபதுகளின் தொடக்கம் அது. மாப்பிள்ளை வீட்டாருக்கு ரங்கூன் நகரின் லான்மடா பகுதியில் வீடும் மளிகைக் கடையும். நானும் அம்மாவும் ஊருக்கு வெளியே தின்கன்ஜூனில் இருந்தோம். நான் பள்ளி ஆசிரியை. மாப்பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான். அவருடைய அம்மாவுக்கு ஐயரும் அக்கினியும் வேண்டும். எனக்குப் பதிவாளர்தான். படித்த திமிர் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். திமிர் எனக்கு உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் காரணம் அதுவல்ல.

அப்பா இறந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. கைம்பெண் மணவறைப் பக்கம் வரக்கூடாது என்று, என்னைத் தாரைவார்த்துக் கொடுக்க வேறொரு ஜோடியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். தையல் மெஷினை மிதித்து என்னைப் படிக்கவைத்தவள், என் கல்யாணத்தை உள்ளேயிருந்து காதால் கேட்டுக்கொள்ளவேண்டும். அம்மா அதை ஒரு பொருட்டாகவே பேசவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

“நா அடுப்படியில நின்னா என்னாடி? நல்லபடியா நடந்தா போதும்” என்றாள்.

“நீ நிக்காத எடத்துல நா கழுத்த நீட்டமாட்டேன்” என்றேன்.

மாப்பிள்ளையிடமும் அதையே சொன்னேன். அவர் வீட்டில் எப்படிப் பேசினாரோ, பதிவாளருக்குச் சம்மதித்துவிட்டார்கள். ஆனால் ஆரத்தி எடுக்க ஆள் பார்ப்பதுபோல் மாமியார் சாட்சிக்கும் ஆள் பார்த்துவிட்டார். இரண்டு சாட்சிகளும் சுமங்கலிகள். அவரும் அவர் தங்கையும். அம்மா வரலாம், பதிவு அலுவலக வராந்தா பெஞ்சோடு சரி. நான் வாயைத் திறக்குமுன் அம்மா தலையாட்டிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம்; அதற்குள் கையெழுத்து விழுந்துவிடவேண்டும் என்பது மாமியாரின் கட்டளை. பத்து மணிக்குள் போய்விட்டோம். சகோதரிகள் இருவரும் மஞ்சள், குங்குமம், வெற்றிலை, மல்லிகைச் சரம் என்று ஒரு தாம்பாளமே கொண்டுவந்திருந்தார்கள். பதிவாளர் நிதானமான பர்மியர். எங்கள் தாள்களை ஒவ்வொன்றாகப் படித்துவிட்டுச் சாட்சிகளின் அடையாள அட்டைகளைக் கேட்டார். கல்யாணத்துக்கு எதற்கு அதெல்லாம் என்று இருவருமே வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார்கள். கூட வந்திருந்த மாமனாரிடம் அட்டை இருந்தது, அவர் ஒரு சாட்சி ஆனார். இன்னும் ஒருவர் வேண்டும் என்றார் பதிவாளர். லான்மடா போய்த் திரும்ப நேரமில்லை. சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து இருபது.

வராந்தாவில் இருக்கும் அம்மா யார் என்று பதிவாளர் பர்மியத்தில் கேட்டார். என் தாய் என்றேன். பிறகு ஏன் வெளியே உட்கார்ந்திருக்கிறார் என்றார். நான் வராந்தாப் பக்கம் திரும்பினேன். பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, தன் அட்டையைப் பையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். ஆனால் எழுந்திருக்கவில்லை.

எல்லோரும் மாமியாரைப் பார்த்தோம். ஒரு பக்கம் ராகு காலம், ஒரு பக்கம் என் அம்மா. அவர் கடிகாரத்தைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார்.

“சம்பந்தி, உள்ள வாங்க. நேரம் போவுது.”

அம்மா கூசிக்கொண்டே வந்தாள். பதிவாளர் எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, “அமே” என்று அழைத்து உட்காரச் சொன்னார். பர்மியர்கள் பெற்ற தாயை அழைக்கும் சொல் அது. அம்மா பேனாவை வாங்கித் தன் பெயரை எழுத்தெழுத்தாக எழுதினாள். எனக்கு அழுகை முட்டியது. சிடுமூஞ்சி என்று எடுத்த பெயரைக் காப்பாற்றிக்கொள்ள முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டேன்.

எல்லாம் முடிந்தபோது ராகு காலத்துக்கு இரண்டு நிமிஷம் இருந்தது. மாமியார் மல்லிகைச் சரத்தை எடுத்து என் தலைக்கருகே கொண்டுவந்தார். பாதியில் நிறுத்தி, அம்மாவிடம் நீட்டினார்.

“பெத்தவ இருக்கையில நா என்னாத்துக்கு? நீங்களே வச்சி உடுங்க.”

அப்பா போனபின் அம்மா யார் தலைக்கும் பூ வைத்ததில்லை. கைக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது, கோணலாகச் சொருகிவிட்டாள். அன்று முழுக்க, அதைச் சரிசெய்ய வந்த ஒவ்வொரு கையையும் நான் தட்டிவிட்டேன்.